‘ஒட்’ என்றோர் ஆங்கிலச் சொல்

கைக்குள்ளே புளியங்கொட்டைகளைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, “ஒற்றையா, இரட்டையா?” என்று கேட்கும் விளையாட்டு நம் பாட்டிமார் காலந்தொட்டு வழங்கிவருவது. கொட்டைகளை இரண்டிரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். ஈற்றிலே ஒன்று துணையின்றி எஞ்சினால் ஒற்றை, எஞ்சாவிட்டால் இரட்டை. கணக்கு அவ்வளவுதான். ஆயினும் எஞ்சி நிற்கும் அந்த ஒரு கொட்டையின் மீதே எல்லோருடைய கண்களும் விழுகின்றன. வெற்றியும் தோல்வியும் அதனைப் பொறுத்தவை அல்லவா?

ஆங்கிலத்திலே ஒற்றை எண்ணுக்கு ‘ஒட்’ என்று பெயர். மூன்றே எழுத்துக்களாலான சிறிய சொல். ஆனால் உயர்தர வகுப்பு மாணவர்கள் அகராதியைப் புரட்டும்போது இச்சொல்லின் எதிரே காணப்படும் நீண்ட பட்டியலைக் கண்டு மலைத்துப் போகின்றனர். ஒற்றை எண்ணும் ‘ஒட்’. சோடியை இழந்த தனிச் செருப்பும் ‘ஒட்’. ‘நாற்பது சொச்சம்’ என்பதிலே வருகின்ற சொச்சமும் ‘ஒட்’. இடையிடையே கிடைக்கும் சில்லறை வேலையும் ‘ஒட்’. ஊரார் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்ளும் மனிதனும் ‘ஒட்’. பந்தயக்காரர் வெற்றி தோல்விகளின் வாய்ப்பைக் குறிப்பதற்கு வழங்கும் சொல்லும் இதன் பன்மையே. எண்ணுக்கும் செருப்புக்கும் மனிதனுக்கும் இடையிலே இப்படியொரு உறவை ஏற்படுத்தியது எது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் வட ஐரோப்பாவின் கடற்கரைக்குச் செல்ல வேண்டும். நமது புத்தளக் கரையில் வாழ்பவர்களுக்கு அந்த விடை எளிதாகவே விளங்கும்.

முனையிலே பிறந்த சொல்

‘ஒட்’ ஆங்கிலேயரின் சொந்தச் சொல் அன்று. கி.பி. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளிலே டென்மார்க், நோர்வே முதலிய நாடுகளிலிருந்து வைக்கிங் எனப்படும் கடலோடிகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்திறங்கினர். வாளோடு வந்தவர்கள் ஏரோடு தங்கிவிட்டனர். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழி ஆங்கிலத்தோடு கலந்தது. வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, முட்டையைக் குறிக்கும் ‘எக்’, சன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’, கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பண்ட்’, ‘அவர்கள்’ எனப் பொருள்படும் ‘தே’ ஆகியவை யாவும் அக்கலப்பினால் ஆங்கிலத்துக்குக் கிடைத்த செல்வங்கள். ‘ஒட்’ என்பதும் அவற்றுள் ஒன்று.

நோர்ஸ் மொழியிலே ‘ஒட்ர்’ என்றால் ஈட்டி முதலிய படைக்கலங்களின் கூரிய நுனி. அதனோடு உடன்பிறந்த ‘ஒட்டி’ என்பது கடலுக்குள் நீண்டு செல்லும் நிலத்தின் முனை. நோர்வேயிலும் டென்மார்க்கிலும் இன்றும் நிலமுனைக்கு இச்சொல்லின் வழிவந்த பெயரே வழங்குகின்றது. ஐஸ்லாந்திலே ஒட்டி என்று ஓர் ஊரே உண்டு. நோர்வே மன்னர்களின் வரலாற்றையும் வடநாட்டுத் தெய்வங்களின் கதைகளையும் எழுதிவைத்த ஸ்னோரி ஸ்டூர்லுசன் (1179–1241) என்னும் பேரறிஞர் இளமையில் வளர்ந்து கல்வி பயின்றது அந்த ஊரிலேதான்.

படைக்கலத்தின் நுனிக்கும் நிலத்தின் நுனிக்கும் ஒரே சொல் வழங்குவது தமிழருக்குப் புதிதன்று. வேல்முனை என்கிறோம், ஊசிமுனை என்கிறோம். கல்முனை, பள்ளிமுனை என்று ஊர்களுக்கும் பெயர் வைத்திருக்கிறோம். தேசப்படத்தை எடுத்துப் புத்தள மாவட்டத்தைப் பாருங்கள். பாலாவியிலே பிரிந்து நுரைச்சோலை, ஏத்தாளை வழியாகச் செல்லும் வீதி கற்பிட்டியை அடைகிறது. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் களப்பு. இரண்டுக்கும் நடுவிலே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒடுங்கிக் கிடக்கிறது இக்குடாநாடு. அதற்கும் வடக்கே கடலிலே சிதறிக் கிடக்கும் தீவுகளுள் ஒன்றன் பெயர் உச்சமுனை. வைக்கிங் மாலுமி ஒருவன் இக்கரையைக் கண்டிருப்பானாயின் சிறிதும் தயங்காமல் ‘ஒட்டி’ என்றிருப்பான். நம்மவர் ‘முனை’ என்றனர். கடலோடு பழகியவர்களின் கண்கள் எங்கும் ஒன்றுபோலவே காண்கின்றன.

மூன்றாமவன்

நிலமுனையைக் குறித்த சொல் எண்ணைக் குறிக்கத் தொடங்கியது எவ்வாறு? மணலிலே ஒரு முனையை வரைந்து பார்த்தால் விளங்கிவிடும். இரு கோடுகள் இரு பக்கமிருந்தும் வந்து ஒரு புள்ளியிலே கூடுகின்றன. அடியிலே ஒரு கோட்டை இழுத்துவிட்டால் முக்கோணம். அடியிலுள்ள இரண்டு மூலைகளும் ஒன்றுக்கொன்று துணையாக அமைகின்றன. உச்சியில் நிற்கும் மூன்றாவது மூலைக்குத் துணை இல்லை. ஆகவே ‘ஒட்டி’ என்பது முதலிலே முக்கோணத்தையும், பின்னர் துணையின்றி நிற்கும் மூன்றாவதையும், அதன் பின்னர் இரண்டாற் பிரிபடாத எல்லா எண்களையும் குறிக்கலாயிற்று.

மூன்றாவது என்னும் இக்கருத்திலிருந்து அம்மக்கள் படைத்துக்கொண்ட மற்றொரு சொல் நம் கருத்துக்கு உரியது. இருவர் ஒரு காரியத்திலே முரண்பட்டு நின்றால், அவர்களுக்கு நடுவே மூன்றாம் மனிதன் ஒருவனை வைப்பர். அவனுக்கு ‘ஒட்டாமாதுர்’ என்று பெயர். ‘மாதுர்’ என்றால் மனிதன். இரு தரப்பும் சமமாகப் பிரிந்து நிற்கும்போது அவன் எந்தப் பக்கத்தை ஆதரிக்கின்றானோ அந்தப் பக்கமே வெல்லும். ஆகவே பழைய வழக்கிலே ‘ஒட்’ மனிதன் என்பவன் தள்ளிவைக்கப்பட்டவன் அல்லன். தீர்ப்பைக் கையில் வைத்திருந்தவன்.

நம் முன்னோரும் இதனை அறிந்தேயிருந்தனர். பஞ்சாயத்து என்னும் சொல்லிலே ஐந்து என்னும் எண் அடங்கியிருக்கின்றது. நால்வர் இருவர் இருவராகப் பிரிந்துவிட்டால் வழக்கு நடுவழியிலே நின்றுபோகும். ஐந்தாமவர் ஒருவர் இருந்தால்தான் முடிவு பிறக்கும். நீதிமன்றங்களிலே சில வழக்குகளுக்கு மூவராகவோ ஐவராகவோ நீதியரசர்கள் அமர்வதன் நன்மையும் இதுவே.

உயர்வும் தாழ்வும்

ஆங்கிலத்துக்குள்ளே புகுந்த பின்னர் இச்சொல் அடைந்த மாற்றங்களை இனிக் காண்போம். 1300ஆம் ஆண்டளவிலே அது ஒற்றை எண்ணைக் குறித்தது. அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னர், ஏறக்குறைய 1400இலே, அது ஒரு புகழ்மொழியாகவும் வழங்கியிருக்கின்றது. தனக்கு நிகரில்லாதவன், அரியவன், பேர்பெற்றவன் என்பதே அன்றைய பொருள். ஒற்றையாக நிற்பவன் உயர்ந்து நிற்பவன் என்று அக்கால மக்கள் கருதினர் போலும்.

ஆனால் 1580ஆம் ஆண்டுகளை அண்டி, ‘வழக்கத்துக்கு மாறான’, ‘விசித்திரமான’ என்னும் பொருள் தலைகாட்டுகின்றது. சேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்திலே, தந்தையின் ஆவியைக் கண்ட இளவரசன், இனிமேல் தன் நடத்தை விநோதமாகத் தோன்றக்கூடும் என்று நண்பர்களை எச்சரிக்கும் இடத்திலே இச்சொல்லையே வழங்குகின்றான். 18ஆம் நூற்றாண்டிலே ‘ஒடிற்றி’ என்னும் பெயர்ச்சொல்லும் பிறந்துவிட்டது. வேர் வடநாட்டுக் கடலோடிகளுடையது. விகுதியோ இலத்தீன் மொழிக்குரியது. விந்தையைக் குறிக்க வந்த சொல் தானும் ஒரு விந்தையாகவே அமைந்துவிட்டது.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்று. புகழப்பட்டவனும் இகழப்பட்டவனும் நின்ற இடம் ஒன்றே: சோடிகளுக்கு வெளியே. நின்றவன் மாறவில்லை, பார்த்தவர்களின் பார்வையே மாறிற்று.

ஒத்தையும் ‘ஒட்’டும்

பேச்சு வழக்கிலே ஒற்றை என்பதை ‘ஒத்தை’ என்கிறோம். ‘ஒத்தை’க்கும் ‘ஒட்’டுக்கும் ஒலி நெருங்கியிருப்பதைக் கண்டு, ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து சென்றதென்று மாணவர் சிலர் மகிழ்வதுண்டு. அம்மகிழ்ச்சிக்கு ஆதாரமில்லை. தமிழ் ஒற்றை, ‘ஒன்று’, ‘ஒரு’ என்பவற்றின் அடியாகத் தோன்றியது. ஆங்கில ‘ஒட்’ ஈட்டி நுனியிலிருந்து நிலமுனைக்கும், நிலமுனையிலிருந்து மூன்றுக்கும் வந்து சேர்ந்தது. வெவ்வேறு மலைகளிலே ஊற்றெடுத்த இரண்டு ஆறுகள் ஒரே நிற நீரோடு ஓடுவது போன்றது இது. ஒரு சொல்லின் பழைய வடிவத்தையும் பழைய பொருளையும் படிப்படியாகக் கண்ட பின்னரே உறவு பேசுதல் வேண்டும். இதுவே சொல்லாராய்ச்சியின் முதற் பாடம்.

பிறப்பினால் உறவில்லாவிட்டாலும், நடையினால் ஒத்த சொற்கள் நம்மிடத்தும் உள்ளன. வடமொழிக் கணித நூலார் இரட்டை எண்ணைச் ‘சமம்’ என்றும் ஒற்றை எண்ணை ‘விஷமம்’ என்றும் வழங்கினர். விஷமம் என்றால் சமமில்லாதது. வேறு குற்றம் எதுவும் அச்சொல்லுக்கு இல்லை. ஆனால் அதே சொல் தமிழுக்கு வந்து என்ன பொருளைத் தருகின்றது? குறும்பு, தீம்பு, வேண்டுமென்றே செய்யும் கேடு. அடங்காத பிள்ளையை ‘விஷமக்காரன்’ என்று கண்டிக்கிறோம். ஒற்றை எண் குற்றவாளியான கதை இங்கிலாந்திலே மட்டும் நடந்ததன்று.

அதே வேளையில் நம் பண்பாட்டிலே ஒற்றைக்குப் பெருமையும் உண்டு. மங்கல காரியங்களிலே அன்பளிப்பாகப் பணம் கொடுப்பவர்கள் நூறு என்று நிறுத்துவதில்லை. ஒரு ரூபா கூட்டி 101 என்றும், 501 என்றும், 1001 என்றும் கொடுக்கின்றனர். இறைவனைப் போற்றும்போது இணையற்றவன், ஒப்பற்றவன், நிகரற்றவன் என்கிறோம். இவை யாவும் ‘சோடியில்லாதவன்’ என்பதன் மறுபெயர்கள் அன்றோ? வள்ளுவரும் கடவுள் வாழ்த்திலே இறைவனை உவமை கூற இயலாதவன் என்றே குறிப்பிடுகின்றார். ஆனால் அதே வீட்டிலே, “மூன்று பேராகப் போகாதீர்கள், காரியம் கைகூடாது” என்று தடுக்கும் பெரியவர்களும் இருக்கின்றார்கள். ஒற்றையை வணங்குவதும் நாமே. ஒற்றைக்கு அஞ்சுவதும் நாமே.

கணிதத்திலே ஒற்றை எண்களின் சிறப்பை மாணவர்கள் தாமே கண்டுகொள்ளலாம். 1உடன் 3ஐக் கூட்டினால் 4. அதனுடன் 5ஐக் கூட்டினால் 9. பின்னும் 7ஐக் கூட்டினால் 16. அடுத்து 9ஐக் கூட்டினால் 25. ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து முறையாகக் கூட்டிக்கொண்டே செல்லுங்கள். கிடைப்பவை யாவும் வர்க்க எண்களே. புளியங்கொட்டைகளைத் தரையிலே சதுரமாக அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் அடுத்த பெரிய சதுரமாக்குவதற்கு ஒற்றை எண்ணிக்கையான கொட்டைகளே வேண்டியிருக்கும். இரு பக்கங்களுக்கும் சமமாக வைத்த பின்னர், மூலையை நிரப்புவதற்கு ஒரு கொட்டை தேவைப்படுகின்றது. சோடி சேராத அந்த ஒன்று இல்லையேல் சதுரம் நிறைவு பெறாது.

வெளியார், சாய்ந்தவர், மையம் விலகியவர்

விந்தையைக் குறிக்கும் பிற ஆங்கிலச் சொற்களின் பிறப்பையும் சிறிது நோக்கினால் மற்றோர் உண்மை புலப்படும். ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்பதன் மூலம் இலத்தீன். வெளியிலிருந்து வந்தது என்பதே அதன் முதற் பொருள். ‘அவுட்லாண்டிஷ்’ என்பது பிற நாட்டுக்குரியது. இன்று நாகரிகமற்றவன் என்று பொருள்படும் ‘அன்கூத்’, முன்னாளிலே ‘அறியப்படாதவன்’ என்று மட்டுமே பொருள்பட்டது. அயலான் என்பதற்கு மேல் இவர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

‘குவியர்’ என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. குறுக்கு, சாய்வு என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லோடு அதற்கு உறவு இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. விநோதம் என்று பொருள்பட்டிருந்த அச்சொல், பின்னாளிலே தம் பாலினத்தாரையே நேசிப்பவர்களை இழித்துரைக்கும் வசையாக மாற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டை ஒட்டி அவர்களுள் பலர், எறியப்பட்ட கல்லையே அத்திவாரக் கல்லாக்கியது போன்று, அந்தப் பெயரைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டனர்.

‘எக்சென்றிக்’ என்பது வானநூற் சொல். மையம் விலகியது என்று பொருள். கிரகங்கள் செல்லும் வட்டங்களின் மையம் பூமியிலிருந்து சற்று விலகியிருக்க வேண்டும் என்று கிரேக்க வானநூலார் கணித்தனர். 499ஆம் ஆண்டிலே ஆரியபட்டரும் அத்தகைய வட்டத்தைப் பிரதிமண்டலம் என்ற பெயராற் குறித்தார். 17ஆம் நூற்றாண்டிலே அச்சொல் மனிதர்கள் மீது ஏறி, ஊரோடு ஒத்தோடாதவனைக் குறிக்கலாயிற்று. ஆனால் பூமியின் பாதையே மையம் விலகியதுதான். சனவரியிலே சூரியனிலிருந்து ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீற்றர் தூரத்திலும் யூலையிலே 15.2 கோடி கிலோமீற்றர் தூரத்திலும் நாம் இருக்கின்றோம். மையம் விலகியவர்களைப் பார்த்து நகைப்பவர்களும் மையம் விலகிய உலகத்தின் மீது நின்றுகொண்டே நகைக்கின்றனர்.

இவற்றோடு ஒப்பிடும்போது, வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள் பிறப்பிலே இனிமையானவை. விசித்திரம் என்றால் பல நிறங்களைக் கொண்டது. அபூர்வம் என்றால் முன்பு இல்லாதது. அதிசயம் என்றால் மேம்பட்டது. விநோதம் என்றால் பொழுதை இன்பமாகப் போக்குவது. இவற்றிலே வியப்பு உண்டு, வெறுப்பு இல்லை. ஈழத்திலே செய்தியைக் குறிக்கும் ‘புதினம்’ என்னும் சொல்லும் புதுமையின் அடியாகப் பிறந்ததே. ஆனால் அன்றாடப் பேச்சுக்கென்று நாம் ஆக்கிக்கொண்ட ஒரு தொடர் இருக்கின்றது: ‘ஒரு மாதிரி’. “அவர் ஒரு மாதிரியான ஆள்” என்று சொன்னால் போதும். எந்த மாதிரி என்று சொல்பவரும் விளக்குவதில்லை, கேட்பவரும் வினவுவதில்லை. ஒரு மனிதனின் பெயர் கெடுவதற்கு அவ்வளவே போதுமானதாகிவிடுகின்றது.

நமது கரையிலே

சொற்கள் மனிதருக்குச் செய்யும் நன்மை தீமைகளை நூல்களிலே மட்டும் தேட வேண்டியதில்லை. புத்தளக் கரையே அதற்குச் சான்று பகரும்.

புத்தளம் நகருக்கு அண்மையிலே சிரம்பையடி என்றோர் ஊர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் படைவீரராகவும் அடிமைகளாகவும் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். போர்த்துக்கேயம் கலந்த மொழியிலே அவர்கள் பாடும் ‘மஞ்சா’ என்னும் துள்ளிசை இன்று நாடெங்கும் அறியப்பட்டது. அவர்களுக்கு வழங்கிவரும் ‘காப்பிரி’ என்னும் பெயர் ‘காபிர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம்பிக்கை கொள்ளாதவர் என்பது அதன் பொருள். ஆபிரிக்கக் கரையிலே அரபு வணிகர் வழங்கியதைப் போர்த்துக்கேயர் கேட்டு, கடல் கடந்து இங்கும் கொண்டுவந்தனர். இன்று இம்மக்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்கர், பேசுவது சிங்களம். தம்மை அறியாதவர்கள், தம்மோடு தொடர்பற்ற ஒரு சமயத்தை அளவுகோலாகக் கொண்டு இட்ட பெயரை அவர்கள் பல தலைமுறைகளாகத் தாங்கி வந்திருக்கின்றார்கள். தென்னாபிரிக்காவிலே அதே சொல் கொடிய வசைமொழி. இங்கோ அது ஒரு சமூகத்தின் பெயர்.

மற்றொரு சொல் ‘அகதி’. ‘கதி’ என்றால் வழி, புகலிடம். அஃது இல்லாதவர் அகதி. 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை அவர்களுடைய ஊர்களிலிருந்து வெளியேற்றினர். பல பத்தாயிரக்கணக்கானோர் சொத்துக்களை இழந்து புறப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் வந்து தங்கியது புத்தளத்திலும் பாலாவியிலும் கற்பிட்டிக் குடாநாட்டிலுமேயாகும். தென்னந்தோப்புகளின் நடுவே ஓலைக் குடிசைகள் எழுந்தன. வந்த அன்று ‘அகதி’ என்பது உண்மையான விவரணம். உதவியைப் பெற்றுத் தந்த சொல்லும் அதுவே. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே பாலர் வகுப்பிலே சேர்ந்து, இக்கரையின் உப்புக் காற்றையே சுவாசித்து வளர்ந்த பிள்ளைகளும் அப்பெயராலேயே சுட்டப்பட்டனர். புகலிடம் கிடைத்த பின்னரும் ‘புகலற்றவர்’ என்னும் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதன் வேதனையை அனுபவித்தவர்களே அறிவர். மனிதர் இடம் மாறுவதைக் காட்டிலும் பெயர் மாறுவதற்கு நீண்ட காலம் பிடிக்கின்றது.

இதே கரையிலே ஒற்றையை உரிய முறையிலே போற்றுகின்ற காட்சியும் உண்டு. கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்களுக்கு உடப்பு பேர்பெற்ற ஊர். வலையின் இரு கயிறுகளையும் இரண்டு அணியினர் பற்றி இழுக்கின்றனர். ஒருவர் குரலெடுத்து ஓர் அடியைப் பாட, மற்றவர் எல்லோரும் சேர்ந்து மறுமொழி பாடுகின்றனர். அந்த ஒருவர் குரல் தனித்து ஒலிக்கின்றதே என்று எவரும் அவரை ஒதுக்குவதில்லை. அக்குரல் இல்லாவிட்டால் நாற்பது கைகளும் ஒரே நேரத்திலே இழுக்கமாட்டா.

வகுப்பறையிலே எஞ்சியவன்

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பிலே களப்புக்கு அப்பாலுள்ள தீவு ஒன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன் இருந்தான். மீன்வாடியிலே கேட்டு வளர்ந்த பேச்சு. கூச்சம் மிகுந்த சுபாவம். “அவன் ஒரு மாதிரி, சேர்” என்று மற்றவர்கள் முதல் வாரத்திலேயே தீர்ப்புக் கூறிவிட்டனர். ஒருநாள் கட்டுரைப் பயிற்சிக்காக இருவர் இருவராகச் சேருமாறு பணித்தேன். வகுப்பிலே 31 பேர். பதினைந்து சோடிகள் அமைந்தன. அவன் எஞ்சி நின்றான். அவனை முன்வரிசையிலிருந்த ஒரு சோடியோடு மூன்றாமவனாக அமர்த்தினேன்.

கட்டுரைப் பொருள் நம் நாட்டுக் காற்றுகள். அந்தச் சோடியினரோ கச்சான் எத்திசைக் காற்று என்பதிலே முரண்பட்டு வாதாடிக்கொண்டிருந்தனர். ஒருவன் கிழக்கு என்றான். மற்றவன் மேற்கு என்றான். “தம்பி, நீர் சொல்லும்” என்றேன் புதியவனைப் பார்த்து.

“மேற்குக் காத்துத்தான், சேர். கச்சான் பலத்தா இந்தப் பக்கத்துக் கடல்ல வள்ளம் இறக்கமாட்டாங்க. வாடைதான் வடக்க இருந்து வாறது” என்றான் அவன்.

வகுப்பு அமைதியாயிற்று. நூலிலே படித்தவர்கள் ஐயுற்ற இடத்திலே, காற்றோடு வாழ்ந்தவன் தெளிவாகப் பேசினான். பழைய நோர்ஸ் மக்கள் ‘ஒட்டாமாதுர்’ என்று மதித்த மூன்றாம் மனிதனை அன்று நான் நேரிலே கண்டேன். அடுத்த வாரம் காற்றும் கடலும் பற்றி அவன் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொண்டனர். ‘ஒரு மாதிரி’ என்னும் தொடர் பிறகு அவ்வகுப்பிலே கேட்கவில்லை.

பெற்றோர்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். விளையாட்டிலே சேராது நூலோடு இருக்கும் பிள்ளை, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை, இடக்கையால் எழுதும் பிள்ளை, தாமதமாகப் பேசத் தொடங்கிய பிள்ளை என்று நம் வீடுகளிலும் ஒற்றைகள் உண்டு. பெயர் சூட்டுவதற்கு உறவினர் பலர் வருவர். அப்பெயர் பிள்ளையின் தன்மையைச் சொல்கின்றதா, அல்லது நாம் சோடி சேர்த்த முறையைச் சொல்கின்றதா என்று ஒரு கணம் சிந்தித்தால், பல பெயர்கள் நாவிலேயே நின்றுவிடும். பிள்ளைக்கு மருத்துவரின் உதவியோ ஆசிரியரின் தனிக் கவனமோ தேவைப்படலாம். அதனைத் தேடிக் கொடுப்பது கடமை. ஆனால் பட்டப்பெயர் எவ்வுதவியும் அன்று.

முடிவாக, ‘ஒட்’ என்னும் சொல்லின் சுற்றத்தாருள் ஒருவரை இங்கே அறிமுகம் செய்துவைக்க விரும்புகின்றேன். ஈட்டி நுனி என்னும் அதே மூலத்திலிருந்து ஜெர்மன் மொழியிலே ‘ஓர்ட்’ என்னும் சொல் பிறந்தது. முன்னாளிலே அதுவும் கூரிய நுனியையும் முனையையுமே குறித்தது. காலப்போக்கிலே அதன் கூர்மை தேய்ந்து, இன்று ‘இடம்’, ‘ஊர்’ என்னும் பொருள்களைத் தருகின்றது. ஒரே வேரிலிருந்து ஒரு மொழியினர் சோடி சேராததற்குப் பெயர் எடுத்தனர். மற்றொரு மொழியினர் மனிதர் வாழும் இடத்துக்குப் பெயர் எடுத்தனர். நம் வகுப்பிலும் வீட்டிலும் ஊரிலும் எஞ்சி நிற்பவர்களுக்கு இவ்விரண்டிலே எதனைக் கொடுக்கப்போகின்றோம் என்பது நம்மைப் பொறுத்தது.